எழுமாற்றாக ஓர் இடம்: பைத்தனில் தெரிவும் கிளைப்பும்

மட்டக்களப்பில் ஞாயிறு மாலை எங்கே போவது என்பதைக் கணினியே தெரிவு செய்யட்டும்: 1 வந்தால் கல்லடிக் கடற்கரை, 2 வந்தால் ஒல்லாந்தர் கோட்டை, 3 வந்தால் பாசிக்குடா. உயர்தரத்தில் பைத்தன் என்னும் நிரலாக்க மொழியைப் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு இது நல்ல முதற் பயிற்சி.

முதல் வரியில், எழுமாற்று எண்களைத் தரும் ராண்டம் (random) தொகுதியை இம்போர்ட் (import) செய்யுங்கள். அடுத்து, அதிலுள்ள ராண்டின்ட் (randint) சார்புக்கு 1, 3 ஆகியவற்றைக் கொடுத்து, வரும் எண்ணை 'இடம்' என்ற மாறியில் ஒரே ஒரு தடவை சேமியுங்கள். ராண்டின்ட் இரு எல்லைகளையும் சேர்த்துக்கொள்ளும். அதே தொகுதியிலுள்ள ராண்ட்ரேஞ்ச் (randrange) என்ற சார்புக்கு அதே எண்களைக் கொடுத்தால் 3 ஒருபோதும் வராது. பிறகு இஃப் (if) வரியில் அந்த மாறியை 1 உடனும், எலிஃப் (elif) வரியில் அதே மாறியை 2 உடனும் ஒப்பிடுங்கள்; எல்ஸ் (else) கிளைக்கு ஒப்பீடு தேவையில்லை, முதலிரண்டும் பொருந்தாதபோது அது இயங்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான். மாறியில் சேமிக்காமல், இஃப் வரியிலும் எலிஃப் வரியிலும் ராண்டின்டைத் தனித்தனியே அழைத்தால், ஒவ்வொரு தடவையும் புதிய எண் பிறக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது; ஆனால் சராசரியாக 9 ஓட்டங்களில் கல்லடி 3 தடவையும் கோட்டை 2 தடவையும் பாசிக்குடா 4 தடவையும் வரும். செய்நிரல் ஓடிவிட்டது என்பதனாலேயே அது சரியென்று நம்பிவிடாமல், 900 தடவை ஓடவிட்டு ஒவ்வோர் இடமும் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பார்க்குமாறு வற்புறுத்திச் சொல்வேன்.

ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறி வேண்டும். ஒற்றைச் சமக்குறி மதிப்பை இடுவதற்கு மட்டுமே. ஒவ்வொரு கிளை வரியின் முடிவிலும் முக்காற்புள்ளியிட்டு, அதன் கீழுள்ள வரியை நான்கு இடைவெளி உள்ளே தள்ளி எழுதுங்கள்.