எவ்வளவுக்கு இவ்வளவு? சத்து, உடற்பயிற்சிச் சொற்களைப் படிக்கும் முறை

கலோரி, புரதம், சோடியம், பி.எம்.ஐ., ஹெச்பிஏ1சி போன்ற சொற்கள் மளிகைக் கடையிலும், தெருமுனை ஜிம்மிலும், லேப் ரிப்போர்ட்டிலும் அன்றாடம் நம் கண்ணில் படுகின்றன. இவற்றின் விளக்கங்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் ஓர் அளவைக் குறிக்கிறது என்பதை மனத்தில் கொண்டு, "எவ்வளவுக்கு இவ்வளவு?" என்று கேட்டுப் பழகுவது பெரும் பயன் தரும். நூறு கிராமுக்கா, ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா, உடல் எடையில் ஒரு கிலோவுக்கா என்பது தெரியாதவரை எந்த எண்ணும் நமக்கு உதவாது. சென்னையில் ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பொருட்களை வைத்தே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

பாக்கெட்டின் பின்புறம்

ஒரு மிக்சர் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 100 கிராமில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதையும், 'சர்விங்' எனப்படும் ஒருமுறை உண்ணும் அளவு ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்பதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். அந்தச் சதவீதத்துக்கு அடிப்படையாக ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம் என்ற அளவுகள் கொள்ளப்படுகின்றன. பேச்சுவழக்கில் நாம் கலோரி என்று சொல்வது பாக்கெட்டில் உள்ள கிலோ கலோரியைத்தான்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் பாக்கெட் ஒன்றில், 100 கிராமுக்குப் புரதம் 14 கிராம், மாவுச்சத்து 42 கிராம், கொழுப்பு 35 கிராம், சோடியம் 800 மில்லிகிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கிலோ கலோரியும், கொழுப்பு கிராமுக்கு 9 கிலோ கலோரியும் தருகின்றன. ஆகவே 56, 168, 315 ஆகியவற்றைக் கூட்டினால் ஏறத்தாழ 540 கிலோ கலோரி வருகிறது. 'சர்விங்' 30 கிராம் என்று அச்சிட்டிருந்தால், அதற்கு எதிரே கொழுப்பு 16 சதவீதம் என்று மட்டுமே தெரியும். அது அச்சம் தரும் எண்ணன்று. ஆனால் மாலைக் காப்பியோடு இருவர் உட்கார்ந்து அந்தப் பாக்கெட்டை முடித்துவிட்டால், ஒருவருக்கு 100 கிராம் போகிறது. அன்றைய கொழுப்பில் பாதிக்கும் மேல், சோடியத்தில் 40 சதவீதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. எனவே சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன், நீங்கள் உண்மையில் உண்ணும் அளவு எத்தனை 'சர்விங்' என்று பாருங்கள்.

அடுத்து, பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டின் பட்டியலில் மைதா முதலாவதாக இருந்தால், அது மைதா பிஸ்கட்தான். நார்ச்சத்து மிகுந்தது என்று சொல்லிக்கொள்ள 100 கிராமில் 6 கிராம் நார்ச்சத்தாவது இருக்க வேண்டும். கடலை எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம். தாவர எண்ணெய்களில் கொலஸ்ட்ரால் இருப்பதாகக் கொள்ளவே தேவையில்லை. எந்த எண்ணெயாக இருந்தாலும் அளவுதான் முக்கியம்: நால்வர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது 200 கிலோ கலோரிக்குச் சற்று மேல்.

சர்க்கரைக்கும் இதே வழி. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். காப்பிக்கு இரண்டு ஸ்பூன் வீதம் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் குடிப்பவர், வேறெந்த இனிப்பும் தொடாமலேயே 24 கிராமை, அதாவது மேற்சொன்ன 50 கிராமில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்கிறார்.

பாலும் உப்பும்

சென்னையில் கொழுப்பு என்ற சொல்லைப் புரிந்துகொள்ள ஆவின் பாலைவிட எளிய பாடம் இல்லை. நீல நிறப் பாக்கெட்டில் இருப்பது சமன்படுத்தப்பட்ட பால். அதில் கொழுப்பு 3 சதவீதம். ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் இருப்பது நிறை கொழுப்புப் பால். அதில் 6 சதவீதம். அரை லிட்டருக்கு முன்னதில் சுமார் 15 கிராமும் பின்னதில் சுமார் 30 கிராமும் கொழுப்பு உள்ளது. வேறுபாடு ஏறக்குறைய 135 கிலோ கலோரி. புரதமும் கால்சியமும் இரண்டிலும் பெரிதாக மாறுவதில்லை. எடை குறைக்க வேண்டியவர் நீலத்தையும், எடை ஏறாமல் மெலிந்திருக்கும் குழந்தை உள்ள வீட்டார் ஆரஞ்சையும் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

சோடியத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் சர்க்கரைக்கு அஞ்சும் வீடுகளில்கூட உப்பை யாரும் அளப்பதில்லை, இரத்த அழுத்தமோ ஓசையின்றி ஏறுகிறது. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு: உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளன்று தேதியை அதன்மீதே பேனாவால் எழுதிவையுங்கள். நால்வருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் என்றால், ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்துபோனால், இட்லி மாவிலும் சாம்பாரிலும் கை தாராளமாக இருக்கிறது என்று பொருள். ஊறுகாய், கருவாடு, ஓட்டல் சாப்பாடு ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கில் வராது. அப்பளக்காரமும் சமையல் சோடாவும் சோடியம் சேர்ந்தவைதாம் என்பதால், அப்பளத்தையும் போண்டாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புரதத்தைக் கணக்கிடுதல்

இந்தியர்களுக்கான சத்துத் தேவைகளை வகுப்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதன் தொடக்கம் நம் குன்னூரில்தான்: 1918-இல் மருத்துவர் ராபர்ட் மெக்கேரிசன் அங்கே தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. தவிடு நீங்கத் தீட்டிய அரிசியில் வைட்டமின் பி1 குறைந்துபோவதால் வரும் நோய் பெரிபெரி. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி உண்பவர்களுக்கு அதிலிருந்து பெரிதும் பாதுகாப்பு கிடைத்தது.

அந்நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு அளவின்படி, நலமான பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 50 கிராம். கணக்கிடும்போது சமைக்காத எடையைக் கொள்ளுங்கள். வெந்த சோறும் பருப்பும் நீரை ஏற்றுக் கனமாகிவிடுவதால், தட்டில் உள்ள எடை நம்மை ஏமாற்றிவிடும். 100 கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருந்தாலும், அதை நால்வருக்கான சாம்பாராக்கினால் ஒருவருக்குக் கிடைப்பது ஐந்து கிராமுக்குச் சற்று மேல்தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் அளவும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் அளவும் கிடைக்கும். அரிசிப் புரதத்தில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) பருப்பில் நிறைவாக உள்ளது என்பதால் பொங்கலும் சாம்பார் சாதமும் நல்ல சேர்க்கைகளே. பருப்பின் பங்கைக் கூட்டினால் போதும். மாலையில் மிக்சருக்குப் பதில் சுண்டல் என்பது நான் யாருக்கும் முதலில் சொல்லும் மாற்றம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், புரதப் பவுடர் வாங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்பது கட்டாயம்.

நடையும் எடையும்

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. மிதமானது எது என்பதை அறியக் கைக்கடிகாரம் தேவையில்லை. மெரினாவிலோ நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ நடக்கும்போது, உடன் வருபவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது தீவிரமானது. பாடிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் போதாது. மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்திலும் இதயம் கூடுதலாகத் துடிக்கும் என்பதால், அதிகாலையில் நடப்பது நல்லது. வியர்வையால் குறையும் எடை நீரின் எடை. தண்ணீர் குடித்தவுடன் அது திரும்பிவிடும்.

ஜிம் கருவிகளில் 'மெட்' என்ற அளவைக் காணலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஒரு மெட். அது எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி. விரைவான நடை சுமார் 4 மெட். ஆகவே 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் 120 கிலோ கலோரி செலவாகும். அதிலும் 30, வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். மேலே பார்த்த மிக்சரில் 22 கிராம் இந்த நடைக்கு ஈடு. எடை குறைய உணவும், இதயமும் தசையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட நடையும் பயிற்சியும் என்று பிரித்துப் புரிந்துகொண்டால், நடந்தும் எடை குறையவில்லையே என்று மனம் தளர்ந்து நடையை நிறுத்த மாட்டோம்.

பி.எம்.ஐ. என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பது. 1.60 மீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு 62-ஐ 2.56-ஆல் வகுத்தால் 24.2 வரும். உலகப் பொது அளவில் இது இயல்பு. இந்தியர்களுக்கு மருத்துவர்கள் கொள்ளும் அளவில் 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். அதே பி.எம்.ஐ.யிலும் நம்மவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்வதே இதற்குக் காரணம். தையல் டேப்பால் இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

லேப் ரிப்போர்ட்டில் உள்ள ஹெச்பிஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது. 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 முதல் நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிட உயர்ந்து காட்டக்கூடும். ஆகவே ஹீமோகுளோபின் முடிவையும் உடன் எடுத்துச்சென்று, இரண்டையும் சேர்த்துப் பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.