ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறும் ‘கொய்ங்’: கார் ஆடியோ இரைச்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மாட்டிய காரை ஸ்டார்ட் செய்ததும் ஸ்பீக்கரில் மெலிதாக ஒரு கொய்ங் சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே சுருதி ஏறும். உடனே கடைக்குப் போய் நாய்ஸ் ஃபில்டர் வாங்கி மாட்டுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. இரைச்சல் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் காசுக்குத்தான் கேடு. பெரும்பாலான வண்டிகளில் கோளாறு எர்த்தில்தான், அதாவது பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பில்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு உப்புத்தாளும் நல்ல லக்கும் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போதும்.

எல்லா இரைச்சலும் ஆல்டர்னேட்டர் இரைச்சல் அல்ல

என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குள் உற்பத்தியாவது த்ரீ பேஸ் ஏசி. டயோடுகள் அதை டிசியாக மாற்றினாலும் மேலே சிறு சிறு அலைகள் மிச்சம் இருக்கும். 12 துருவங்கள் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலைகளை விடும். என்ஜின் ஐடிலில் 800 ஆர்பிஎம், புல்லி விகிதம் 2.5 என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 1200 அலைகள். 2000 ஆர்பிஎம்முக்குப் போனால் 3000 ஹெர்ட்ஸ். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கிற பகுதி அதுதான். சில மில்லிவோல்ட் கசிந்தாலே பாட்டுக்கு நடுவே காதைக் குடைவது அதனால்தான்.

என்ஜின் வேகம் மாறியும் சுருதி மாறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைத் திட்டாதீர்கள். ஃப்யூயல் பம்ப் காரணமாக இருக்கலாம். வெளியே வாங்கிப் போட்ட எல்இடி ஹெட்லைட், டேஷ்கேம் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் வேகத்தோடு கூடும் ‘டிக் டிக்’ இக்னிஷன் இரைச்சல். ரெசிஸ்டர் இல்லாத ஸ்பார்க் பிளக் மாட்டியிருக்கலாம். எஃப்எம்மில் மட்டும் கேட்டால் ஆன்டெனா பிளக்கை உருவிப் பாருங்கள். சத்தம் நின்றால், ஆன்டெனா அடிப்பகுதி பாடியோடு சேரும் இடம் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீரியோ, ஆம்ப் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சத்தம் வந்தால் அது பேரிங்கோ பெல்ட்டோ. அது மெக்கானிக் வேலை.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள எந்த வண்டியிலும் இதைச் செய்யவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் லோடு சட்டென்று விலகினால் லைனில் பல பத்து வோல்ட் எகிறும். இசியூ, ஸ்டீரியோ, ஆம்ப் மூன்றும் ஒன்றாகப் போகலாம்.

நுழைவாயிலைக் கண்டுபிடிக்காமல் கழற்றிப் பூட்டுவது

என்ஜினை ஓடவிட்டு வால்யூமை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் அதே அளவில் நின்றால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பின்னால், அதாவது ஆர்சிஏ கேபிள் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோவது), ஆம்ப், எர்த் பக்கம் நுழைகிறது. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அதற்கு முன்னால்: ஆக்ஸ் கேபிள், ரேடியோ, போன் சார்ஜர்.

முதல் வகை என்றால் பழைய ஆர்சிஏ பிளக்குகளை எடுத்து, நடுப் பின்னையும் வெளிக் கூட்டையும் சேர்த்து ஈயம் வையுங்கள். ஆம்பை அணைத்து, அதில் உள்ள ஆர்சிஏ கேபிள்களை எடுத்துவிட்டு இவற்றைச் செருகி மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் இன்னும் கேட்டால் ஆம்பின் பவர், எர்த், அல்லது எங்கோ பாடியில் உரசும் ஸ்பீக்கர் ஒயர் காரணம். அமைதியாகிவிட்டால் அந்தப் பிளக்குகளை எடுத்துவிட்டு, சார்ஜரில் போடாத போனை ஒரு கேபிள் வழியாக ஆம்பில் நேரடியாக இணைத்துப் பாட்டுப் போடுங்கள். அப்போதும் சுத்தமாக இருந்தால் ஆம்ப் நிரபராதி. ஹெட் யூனிட்டின் (டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ) எர்த்துக்கும் ஆம்பின் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் இருக்கிறது, அந்தக் கரண்ட் ஆர்சிஏ ஷீல்டு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

‘அணைத்து’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சில ஹெட் யூனிட்களில் ஆர்சிஏ எர்த் லைனில் பொடியான ஃப்யூஸ் ஒன்று போர்டிலேயே இருக்கும். ஆன் ஆகியிருக்கும்போது ஆர்சிஏவைப் பிடுங்கிச் செருகினாலோ, ஆம்பின் எர்த் கழன்றாலோ, அது எரிந்துவிடும். பாட்டு வரும், கூடவே கொய்ங்கும் வரும். ஆர்சிஏவின் வெளிக் கூட்டிலிருந்து ஹெட் யூனிட்டின் உலோகப் பெட்டிக்கு ஒரு துண்டு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். சட்டென்று அமைதியானால் போனது அந்த ஃப்யூஸ்தான். சர்வீஸில் கொடுத்து மாற்றும் வரை அந்த ஒயரையே நிரந்தரமாக வைத்தும் ஓட்டலாம்.

எர்த்தில் செய்யும் தவறுகள்

இருக்கிற போல்ட்டில் சொருகிவிடுவது பெரிய தவறு. சீட் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கும், திரெட்டில் லாக்கர் பசை இருக்கும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே வேண்டாம், அது உயிர் காக்கும் பாகம். டிக்கியில் பாடித் தகட்டில் தனி இடம் பாருங்கள். அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் பைப் எதுவும் போகவில்லை என்று குனிந்து பார்த்த பிறகே துளை போடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்று பெரிய அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, தகடு பளபளக்கும் வரை உப்புத்தாள் போடுங்கள். பற்கள் உள்ள ஸ்டார் வாஷரோடு லக்கை வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே பிரைமர் அடியுங்கள். எர்த் ஒயர் பவர் ஒயரின் அதே தடிமனில், 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ரெசிஸ்டன்ஸ் காட்டும்.

சரிபார்க்க மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சை நம்ப வேண்டாம். புரோப் ஒயருக்கே 0.2 ஓம் இருக்கும். ஆனால் 40 ஆம்பியர் ஓடும் எர்த்தில் 0.05 ஓம் இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போகும். வோல்டேஜ் டிராப்பைத்தான் அளக்க வேண்டும். என்ஜின் ஓட, பாட்டைச் சத்தமாக வைத்து, கருப்பு புரோபைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் சிவப்பை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் வையுங்கள். நீளம் போதாவிட்டால் எந்த மெல்லிய ஒயரையும் இணைத்துக்கொள்ளலாம். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3 வோல்ட்டைத் தாண்டினால் சிவப்பு புரோபை லக்குக்குப் பக்கத்தில் உள்ள வெறும் தகட்டுக்கு நகர்த்துங்கள். அளவு குறைந்தால் உங்கள் இணைப்பு சரியில்லை. குறையாவிட்டால் பானெட்டுக்குள் பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் கம்பெனி எர்த் ஸ்ட்ராப்தான் குற்றவாளி. அதைச் சுத்தம் செய்து, பக்கத்திலேயே தடித்த ஒயர் ஒன்று கூடுதலாகப் போடுங்கள்.

ஹெட் யூனிட்டின் எர்த்தை யாரும் யோசிப்பதில்லை. வெளியில் வாங்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் ஹார்னஸில் உள்ள ஒற்றை மெல்லிய கருப்பு ஒயரை நம்பி ஓடுகின்றன. பெட்டியின் உலோகத்திலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள உலோகத்துக்கு 2.5 சதுர மிமீ ஒயர் ஒன்றைத் தற்காலிகமாக இழுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் கதை அங்கேயே முடிந்துவிடும்.

கெயினும் கேபிள் பாதையும்

பேஸ் போதவில்லை என்று ஆம்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகு) ஏற்றி வைத்தால் இரைச்சலும் அதே விகிதத்தில் பெருகும். ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில், ஈக்வலைஸரைத் தட்டையாக, ஆம்பின் கிராஸ்ஓவரை (எந்தச் சுருதிகள் ஸ்பீக்கருக்குப் போகும் என்று பிரிப்பது) ஆஃப் செய்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் ஏசி ரேஞ்ச் 400 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும். 4 ஓமில் 75 வாட் வேண்டுமென்றால் 75 × 4 = 300, அதன் வர்க்கமூலம் 17.3. அவுட்புட்டில் 17.3 வோல்ட் ஏசி வரும் இடத்தில் கெயினை நிறுத்துங்கள்.

பவர் கேபிளும் ஆர்சிஏவும் ஒரே பக்கம் போவதால்தான் இரைச்சல் என்று சொல்லி முழுத் தரையையும் பிரிக்கச் சொல்வார்கள். பிரிக்கும் முன் வேறொரு ஆர்சிஏ கேபிளைச் சீட்டுக்கு மேலாகப் போட்டு இணைத்துக் கேளுங்கள். சத்தம் மாறாவிட்டால் கார்ப்பெட்டை விட்டுவிடலாம்.

ஃபில்டர் எங்கே உதவும்

ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் கொய்ங்கை நிறுத்தாது. பவர் லைன் சோக் (கம்பிச் சுருள் ஃபில்டர்) ஹெட் யூனிட்டுக்கு உதவலாம். 10 ஆம்பியர் சோக்கை ஆம்ப் லைனில் போட்டால் சூடாகி உருகும். இரு பக்க எர்த்தையும் பிரித்துவைக்க ஆர்சிஏவில் போடும் மலிவான ஐசொலேட்டரின் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் பேஸைத் தின்றுவிடும். ஆனால் போன் சார்ஜ் ஆகும்போது ஆக்ஸில் மட்டும் வரும் இரைச்சலுக்கு அதே ஐசொலேட்டர் நியாயமான தீர்வுதான். அதைவிட எளிது புளூடூத்.

எல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் போகவில்லை, அதிலும் கொய்ங்கைவிடத் தாழ்ந்த உறுமலாகக் கேட்கிறது என்றால் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகப்படலாம். ஹெட்லைட், ஏர்கண்டிஷனர் ப்ளோயரைப் போட்டு, 2000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட் அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை, 0.5ஐத் தாண்டினால் டயோடு போயிருக்கிறது. மலிவான சில மீட்டர்கள் டிசியையே ஏசி என்று எடுத்துக்கொண்டு 25 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதனால் என்ஜினை அணைத்து ஒருமுறை அளந்து, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். காட்டாவிட்டால் சிவப்பு புரோபோடு தொடராக 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து அளங்கள். டயோடுதான் என்று உறுதியானால் பெரும்பாலும் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டாம். ரெக்டிஃபையர் பிளேட் தனியாகக் கிடைக்குமா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.