முதல் வேலைக்கு எவ்வளவு சம்பளம் வந்தால் சரி? டெல்டா பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும் மன்னார்குடியானாலும் மாயவரமானாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு போட்டிருக்காங்க?" அதற்கு நாம் சொல்வது பெரும்பாலும் ஆஃபர் லெட்டரில் இருக்கிற சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக ஒரு வருடத்தில் செலவிடும் மொத்தத் தொகை. அதை அப்படியே பன்னிரண்டால் வகுத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள், அந்தத் தொகையை நம்பி அப்பா அடகு வைத்த நகையைத் திருப்ப நாள் பார்த்துவிடுவார்.

முதலில் கைக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். சிடிசி 3.6 லட்சம், அதாவது மாதம் 30,000, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், 1,800 ரூபாய், அதுவும் சிடிசிக்குள்ளேதான் இருக்கும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று ஏறக்குறைய 720. இன்சூரன்ஸ் பிரீமியம் ஒரு 500. "வேரியபிள்" என்று 3,000 எழுதியிருப்பார்கள், அது வருடக் கடைசியில் வந்தால் உண்டு. இதெல்லாம் போனால் 23,980. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800 பிடிப்பார்கள், தொழில் வரி ஆறு மாதத்துக்கு அதிகபட்சம் 1,250. ஆக 30,000 என்று ஊரெல்லாம் சொன்ன சம்பளம் வங்கிக்கு வரும்போது சுமார் 22,000. பிஎஃப் உங்கள் பணம்தான், நஷ்டமில்லை, ஆனால் அதை வைத்து இந்த மாத வாடகை கொடுக்க முடியாது. வருமான வரிக்குப் பயப்பட வேண்டாம், 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது.

அடுத்து, எந்த ஊரில் அந்தச் சம்பளம்? இதே 22,000 சென்னையில் என்றால் சாப்பாட்டோடு ஷேரிங் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) 8,500, போக்குவரத்து 1,500, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, டீ, போன் எல்லாம் 2,500, உழவன் எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்துபோக, துணிமணி வாங்க என்று 2,000. மிச்சம் 7,500. தஞ்சாவூரிலேயே, 2024-இல் திறந்த மினி டைடல் பார்க்கில் ஒரு சின்னக் கம்பெனியில் கைக்கு 15,000 வருகிறது, வீட்டிலிருந்தே போய்வருகிறீர்கள் என்றால் பெட்ரோல், மதியச் சாப்பாடு, போன் போக 11,000 நிற்கும். தொகையை மட்டும் பார்த்தால் சென்னை, மிச்சத்தைப் பார்த்தால் தஞ்சாவூர். இவை உதாரணக் கணக்குதான், உங்கள் செலவை நீங்களே எழுதிப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

இனிமேல்தான் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். விவசாயக் குடும்பத்தில் பணம் மாதாமாதம் வராது. மேட்டூர் திறந்து குறுவைக்கு இறங்கும் ஜூன், ஜூலையில் உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் கை நிறையச் செலவு, அது அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் காசாவதற்குள் சம்பா வேலை தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் வீட்டில் மாதாமாதம் வருகிற ஒரே பணம் உங்கள் சம்பளமாக இருக்கும். யாரும் கேட்காமலே நீங்கள் கொடுப்பீர்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் "வேணும்போது வாங்கிக்கலாம்" என்று விட்டால் ஒரு மாதம் 3,000 போகும், நடவு மாதம் 15,000 போகும், அந்த மாத பிஜி வாடகைக்கு நண்பனிடம் கடன் கேட்பீர்கள். அதனால் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அம்மாவிடமே பேசி முடிவு செய்துவிட்டு, சாகுபடிக்கென்று தனியாக ஒரு ஆர்டி (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போட்டு, ஜூனில் அது முதிர்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கல்விக் கடன் இருந்தால் அதன் தவணையையும் இந்த இடத்திலேயே கழியுங்கள். எல்லாம் போக, கைக்கு வருவதில் கால்பங்கு நின்றால் அது நல்ல சம்பளம். பத்தில் ஒரு பங்கு நின்றால் பரவாயில்லை ரகம். ஒன்றும் நிற்காமல் கிரெடிட் கார்டை எடுக்க வேண்டியிருந்தால், எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் அது உங்களுக்குப் போதாத சம்பளம். இது என் அளவுகோல், சட்டம் இல்லை.

இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளம் 21,000 வரை இருந்தால்தான் இஎஸ்ஐ, உங்கள் பங்கு 0.75 சதவீதம், 20,000-க்கு வெறும் 150 ரூபாய். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முட்டிவலி என்றிருக்கிற வீட்டில் 21,500-ஐவிட 20,500 லாபமாக இருக்கலாம்! ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை வேலை என்றால் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிஎஃப் கட்டாயம், உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் கேளுங்கள், அரசின் உமங் ஆப்பில் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்கள், இளநிலை உதவியாளர் சம்பளம் 19,500தானே என்று நினைக்க வேண்டாம். அது தொடக்க அடிப்படைச் சம்பளம், 2025 நிலவரப்படி அகவிலைப்படியே அதில் பாதிக்கு மேல் சேரும், வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் நான்கு வருடம் வேறு வேலையே பார்க்காமல் படிப்பதென்றால் அந்த நான்கு வருடச் சம்பளமும் செலவுக் கணக்கில்தான் வரும். சிங்கப்பூர், வளைகுடா என்றால் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தை எத்தனை மாத மிச்சத்தில் மீட்க முடியும் என்று பாருங்கள், பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

இரண்டு வேலையில் மிச்சம் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், அங்கே மூன்று வருடம் முடித்தவர் இப்போது என்ன வாங்குகிறார் என்று உங்கள் காலேஜ் சீனியரிடம் விசாரியுங்கள், எச்ஆர் சொல்வதை நம்பாதீர்கள். அந்த மூன்று வருடம் முடித்தவர் இன்னும் சேர்ந்த சம்பளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் மற்றதை எடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம், பயிற்சிக்கு முன்பணம் கட்டு என்றால் சம்பளம் எதுவானாலும் வேண்டாம்.

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும்போது "நீங்க பார்த்துக் கொடுங்க சார்" என்பது நம் ஊர்ப் பழக்கம். அதை விடுங்கள். மேலே போட்ட கணக்கில் உங்களுக்குத் தேவையான தொகையைவிட இரண்டாயிரம் மூவாயிரம் கூட்டி, "கைக்கு மாதம் இவ்வளவு வர வேண்டும் சார்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் ஒத்துக்கொண்டால் பிரிவு வாரியாக எழுதி மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.