மனசு கொதிக்கும்போது களிமண்: ஆட்டிசம் உள்ள கலைஞர்களுக்கு

கோபமோ பதற்றமோ உச்சத்துக்குப் போனபின் கலை வேலை செய்யச் சொன்னால் யாருக்கும் கை ஓடாது. தாடை இறுகுவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது என முன்னறிகுறி தெரிந்ததுமே ஆரம்பித்துவிடுங்கள்.

காட்பாடிப் பக்கம் கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கேயோ, உங்கள் பகுதிக் குயவரிடமோ பதப்படுத்திய களிமண் 2 கிலோ வாங்குங்கள். சின்னக் கல் ஒன்று விரலில் குத்தினாலே அன்றைய வேலை கெட்டுவிடும், பார்த்து வாங்குங்கள். அரைக் கிலோ உருண்டைகளாக்கி, ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் மண் சீக்கிரம் வெடிப்பு விடும். அதற்காகத் தண்ணீரை ஊற்றாதீர்கள், விரல் நுனியில் தொட்டுத் தடவினால் போதும். அதிகமானால் கையெல்லாம் பிசுபிசுக்கும். தொடு உணர்ச்சி கூர்மையானவர்களுக்கு அதுவே புது எரிச்சல். பக்கத்தில் காய்ந்த துண்டு இருக்கட்டும்.

முதல் 5 நிமிடம் உருவமே வேண்டாம். பலகையில் அறைவது, அழுத்துவது, பிய்ப்பது மட்டும். தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் அந்த அழுத்தம்தான் பலருக்கு உடம்பைத் தணிக்கிறது. பிறகு திரியாக உருட்டி, வட்டமாகச் சுற்றி அடுக்குங்கள். என்ன உணர்வு என்று பெயர் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை, ஆட்டிசத்தில் அது சகஜம். கனமா, கூர்மையா என்று மட்டும் மண்ணில் காட்டுங்கள்.

வீட்டாருக்கு: "இது என்ன பொம்மைப்பா?" என்று கேட்காதீர்கள். செய்ததை உடைத்தாலும் விட்டுவிடுங்கள். சுடாத மண்ணை ஊறவைத்து மறுபடி பிசையலாம். தலையை முட்டிக்கொள்வது, கையைக் கடிப்பது தொடர்ந்தால் மண்ணோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.