சி-பெட்டுக்கு எதிராக பிளஃப் செய்வது எப்படி

போக்கரில், ஃப்ளாப்புக்கு (மேசையில் விரிக்கப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளுக்கு) முன் ரெய்ஸ் செய்தவரே, அதாவது பந்தயத்தை உயர்த்தியவரே, ஃப்ளாப் வந்த பிறகும் பந்தயம் கட்டுவதைச் சி-பெட் என்கிறோம். ஜோடியில்லாத இரு சீட்டுகளுடன் ஆடுபவருக்கு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது அமையும் வாய்ப்பு ஏறக்குறைய 32 விழுக்காடுதான். இணையத்தில் நோ-லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடுபவர்களில் பலர் அதைவிட மிக அதிகமான முறை சி-பெட் கட்டுவதால் பிளஃபுக்கு (வலுவான கை இருப்பதுபோல் காட்டி விலகச் செய்வதற்கு) இடம் கிடைக்கிறது. ஆயினும், எதிராளியின் கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம் என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. அந்தக் கையை அவர் எந்தச் சுற்றில் கைவிடுவார் என்பதைக் கணித்த பிறகே, உடனே ரெய்ஸ் செய்வதா, அல்லது கால் செய்து (அவர் கட்டிய அளவையே கட்டி) டர்னுக்கு, அதாவது நான்காவது பொதுச் சீட்டுக்கு, காத்திருப்பதா என்று முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கணக்கு. பிளைண்டுகள் (சீட்டு பார்க்கும் முன் இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகைகள்) 50, 100. பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடத்தில்) இருப்பவர் 250-க்கு ரெய்ஸ் செய்கிறார், ஸ்மால் பிளைண்ட் விலகுகிறார், பிக் பிளைண்டில் இருக்கும் நீங்கள் கால் செய்கிறீர்கள். பாட்டில் (நடுவில் சேர்ந்த மொத்தப் பந்தயத்தில்) 550 சிப் உள்ளது. அவர் 180 கட்டினால், நீங்கள் 600-க்கு ரெய்ஸ் செய்வது 730 சிப்பை வெல்வதற்காக 600 சிப்பைப் பணயம் வைப்பதாகும். 45 விழுக்காடு முறை அவர் விலகினாலே நட்டமில்லை. அவர் 400 கட்டி, நீங்கள் 1,200-க்கு ரெய்ஸ் செய்தால் அதே எல்லை ஏறத்தாழ 56 விழுக்காட்டுக்கு உயர்ந்துவிடுகிறது. பெரிய சி-பெட் பெரும்பாலும் வலுவான கைகளிலிருந்து வருவதால், விலை கூடும் அதே இடத்தில் அவர் விலகும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே ரெய்ஸ் பிளஃபைச் சிறிய சி-பெட்டுகளுக்கு எதிராகவே பெரும்பாலும் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ஃப்ளாப் யாருக்குச் சாதகம் என்று பார்க்க வேண்டும். ஏஸ், கிங், 4 என்று வந்தால் அது ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தவரின் ஃப்ளாப்; அங்கே உங்கள் ரெய்ஸை நம்புவதற்கு அவருக்குக் காரணம் குறைவு. கிங், 7, 2 என்று மூன்று வெவ்வேறு இனங்களில் வருவதும் அப்படித்தான்: உண்மையான வலுவுடன் நீங்கள் ரெய்ஸ் செய்யக்கூடிய கைகள் 7-7, 2-2 என்று விரல்விட்டு எண்ணுமளவே இருக்கும். மாறாக, ஸ்பேடு 7, ஹார்ட் 6, டைமண்ட் 3 போன்ற தாழ்வான, நெருங்கிய சீட்டுகள் பிக் பிளைண்டின் கைகளோடு நன்றாகப் பொருந்தும். 7-6, 5-4 போன்றவற்றை மலிவான விலைக்கு கால் செய்திருப்பவர் நீங்கள். ஏஸ்-கிங், கிங்-குயின், ஏஸ்-ஜாக் என எதிலும் ஒட்டாத கைகள் நிறைய வைத்திருப்பவர் அவர்.

அதே ஃப்ளாப்பில் எந்தக் கையால் பிளஃப் செய்வது? உங்களிடம் 6 ஒன்று இருந்தால் அது நடு ஜோடி. கால் செய்வதே சரி, ஏனெனில் ரெய்ஸ் செய்தால் உங்களைவிடத் தாழ்ந்த கைகளை விரட்டிவிட்டு, உயர்ந்த கைகளை மட்டும் எதிரில் நிறுத்திக்கொள்வீர்கள். எதிர்காலமே இல்லாத கிங்-2 போன்ற கையை விட்டுவிடலாம். ஸ்பேடு 10, ஸ்பேடு 9 பொருத்தமான கை. 8 வந்தால் ஸ்ட்ரெய்ட் (வரிசையான ஐந்து சீட்டுகள்). அது ரிவருக்குள் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டுக்குள்) வரும் வாய்ப்பு ஏறக்குறைய 16 விழுக்காடு. டர்னில் ஸ்பேடு விழுந்தால் ஃப்ளஷுக்கான (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகளுக்கான) வழியும் திறக்கும். பிடிபட்டாலும் தப்பிக்க ஒரு வழி உள்ள கையே ரெய்ஸ் பிளஃபுக்கு ஏற்றது என்பதை ஏறக்குறைய விதியாகவே கொள்ளலாம்.

ரெய்ஸை அழுத்தும் முன்பே டர்னுக்கான திட்டமும் இருக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத்தான் செய்வதில்லை. மேற்சொன்ன கையில் 8, 5, 4 அல்லது ஏதேனும் ஒரு ஸ்பேடு வந்தால் மறுபடியும் பந்தயம் கட்டலாம்: ஒன்று உங்கள் கை முன்னேறியிருக்கும், அல்லது நீங்கள் வைத்திருப்பதாகக் காட்டும் கைகள் முன்னேறியிருக்கும். ஸ்பேடு அல்லாத ஏஸ், கிங், குயின் வந்தால் அவருக்கு ஜோடி அமையும் வாய்ப்பு கூடுவதால், செக் செய்து (பந்தயம் கட்டாமல்) நிறுத்துவதே மேல்.

அவருக்குப் பின் நடவடிக்கை எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், மலிவான வழி ஒன்று உண்டு: ஃப்ளாப்பில் கால் மட்டும் செய்வது, டர்னில் அவர் செக் செய்தால் பாட்டை எடுத்துக்கொள்ள முயல்வது. இதை ஃப்ளோட் என்பார்கள். பாட் 650, அவர் 220 கட்டுகிறார், நீங்கள் கால் செய்கிறீர்கள்; பாட் 1,090 ஆகிறது. டர்னில் அவர் செக் செய்த பிறகு நீங்கள் 600 கட்டினால், அந்தப் பந்தயத்துக்கு அவர் 36 விழுக்காடு முறை விலகினால் போதும். ஆனால் அவர் டர்னிலும் பந்தயம் கட்டும் ஒவ்வொரு முறையும் அந்த 220 போய்விடும். எனவே ஃப்ளாப்பில் அடிக்கடி கட்டி, டர்னில் அடிக்கடி அடங்கிவிடுபவருக்கு எதிராகவே ஃப்ளோட் பலிக்கும். டர்னிலும் விடாமல் கட்டுபவரிடம், ஃப்ளாப்பிலேயே ரெய்ஸ் செய்வதுதான் ஓரளவு பயன் தரும்.

இந்த வேறுபாட்டை, எதிராளிகளின் ஆட்டப் புள்ளிவிவரங்களைத் திரையில் காட்டும் எச்.யு.டி. மென்பொருளின் எண்கள் காட்டும். அதை அனுமதிக்காத தளங்களில் குறிப்பெழுதும் வசதியைப் பயன்படுத்தலாம். எண்களை அவசரப்பட்டு நம்பக் கூடாது. ஒருவர் 100 கைகளில் 20 முறை ரெய்ஸ் செய்தாலும், அவற்றில் பல ஃப்ளாப்பைக் காணாமலே முடிந்துவிடும். சி-பெட் கட்டியபின் ரெய்ஸைச் சந்தித்த கைகள் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ‘சி-பெட்டுக்கு ரெய்ஸ் வந்தால் விலகும் அளவு’ என்ற எண் பொருள் தருவதற்கு அவருடைய கைகள் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகின்றன.

சில இடங்களில் பிளஃபையே மறந்துவிட வேண்டும். பாட்டில் மூன்று பேர் இருக்கும்போதும் ஒருவர் சி-பெட் கட்டுகிறார் என்றால் அவரிடம் பெரும்பாலும் ஏதோ இருக்கிறது. 20 பிக் பிளைண்டுக்கும் குறைவான சிப் வைத்திருப்பவர், சிறு ஜோடி கிடைத்தாலும் முழுவதையும் தள்ளிவிடுவார். எந்த ஜோடியையும் விடாத கால் பிரியரிடம் பிளஃப் செய்வது வீண் செலவு.

ஃப்ளாப்பில் ரெய்ஸையும் டர்னில் பந்தயத்தையும் கால் செய்தவர் ரிவரில் இருக்கும்போது, பாட்டின் முக்கால் பங்கைக் கட்டும் மூன்றாவது பிளஃபுக்கு 43 விழுக்காடு விலகல் தேவை. சிறிய தொகைக்கு ஆடும் மேசைகளில் இது அரிதாகவே கிடைக்கும். அவர் துரத்திக்கொண்டிருந்த ஃப்ளஷ் அமையாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம் என்றால் மட்டும் கட்டுங்கள். மற்றபடி செக் செய்து, இரு சுற்றுகள் கால் செய்த அந்தக் கை எது என்பதை அவர் காட்டும்போது குறித்துக்கொள்ளுங்கள்.