விருந்தினரிடம் ‘பிக் அப்’ சொல்லப் பழகுவோம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களோடு பேச வேண்டிய தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கார் ஓட்டினாலும் சரி, வீட்டைச் சுற்றிக் காட்டினாலும் சரி, முதல் நாளே தேவைப்படுவது ‘பிக் அப்’ (pick up) என்ற ஆங்கிலச் சொல். இடத்துக்கு இடம் அதன் பொருள் மாறும்.

படி 1: கையால் எடுப்பது. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கீழே கிடக்கும் கல்லை ஒருவர் குனிந்து எடுக்கிறார்: ‘ஹி பிக்ட் அப் த டைல்.’ ‘பிக்கெட்’ என்று இழுக்காதீர்கள். இரண்டு சொல்லும் ஒட்டி ‘பிக்டப்’ என்று வாயில் வரட்டும்.

படி 2: ஆளைப் போய் அழைத்து வருவது. ‘ஐ வில் பிக் யூ அப் அட் காரைக்குடி ஸ்டேஷன்.’ நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், நிதானமாகப் போவோம். ‘பிக் அப் த கெஸ்ட்’, ‘பிக் த கெஸ்ட் அப்’ இரண்டும் சரி. ஆனால் ஹிம், ஹெர், யூ, தெம், இட் வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘பிக் ஹிம் அப்.’ ‘பிக் அப் ஹிம்’ தவறு. விதியை மனப்பாடம் செய்வதைவிட, ஹிம், ஹெர், தெம் என்று மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள்; நாக்கு தானே பழகிக்கொள்ளும். எந்த இடத்தில் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். முன்பின் தெரியாதவரைக் காதல் எண்ணத்தோடு அணுகுவதற்கும் இதே சொல் உண்டு என்பதால், ஸ்டேஷன் பெயர் கூடவே வந்தால் சங்கடமில்லை.

படி 3: வகுப்புக்குப் போகாமல், கேட்டுக் கேட்டே கற்பது. பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டும்போது, பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் (செட்டியார்கள்) பற்றிப் பேச்சு வரும். அப்படிப் போனவர் ஒருவர் கடையில் பேசிப் பேசியே அந்த ஊர் மொழி கற்றார் என்று சொல்ல, ‘ஹி பிக்ட் அப் பர்மீஸ் இன் ரங்கூன்.’ பள்ளியில் படித்திருந்தால் ‘ஸ்டடீட்’ போதும். எனக்கு இந்த மூன்றாவது பொருள்தான் ரொம்பப் பிடிக்கும். நீங்களும் ஆங்கிலத்தை இப்படித்தானே கற்கிறீர்கள்!

படி 4: வியாபாரம் சூடுபிடிப்பது. ‘பிசினஸ் பிக்ஸ் அப் இன் டிசம்பர்.’ இதில் நடுவே எதையும் செருகக் கூடாது. ‘வண்டியில் பிக்கப் இல்லை’ என்கிறோமே, அது பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள். வினையாக வந்தால் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

படி 5: இப்போது போனை எடுங்கள். விருந்தினருக்கு அனுப்புவதுபோல வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: ‘அவர் ட்ரைவர் வில் பிக் யூ அப் அட் டென்.’ அடுத்து டிரைவருக்கு: ‘ப்ளீஸ் பிக் தெம் அப் அட் டென்.’ இரண்டையும் சத்தமாக வாசித்துவிட்டு, நேற்று நடந்ததாக மாற்றுங்கள்: ‘ஹி பிக்ட் தெம் அப் அட் டென்.’