திரையில் தொனி, கேன்வாஸில் வண்ணம்: வேலூர்க் கோட்டையை எண்ணெய் ஓவியமாகத் தீட்டும் முறை

வேலூர்க் கோட்டையின் அகழிக்கரையில் நின்று பார்க்கும்போது கருங்கல் மதில் முதலில் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தோன்றும். சற்று நேரம் பார்த்தபின், வெயில் படும் கல்லில் காவியும், நிழலில் நீலமும், நீர்மட்டத்தை ஒட்டிய வரிசைகளில் பாசிப்பச்சையும் பிரிந்து தெரியத் தொடங்கும். சாம்பல் நிறத்தில் ஓர் அடிப்படம் தீட்டி, அதன்மீது ஒளி ஊடுருவும் வண்ணங்களை மெல்லிய படலங்களாக ஏற்றிய ஐரோப்பியப் பழைய மேதைகளின் முறையைக் கற்க, நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்த முறையில் டேப்லெட்டை எங்கே சேர்க்கலாம், எங்கே அதை மூடி வைக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். கோடும் தொனியும், அதாவது இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான படிகளும், திரையில் முடிவாகலாம். வண்ணம் கேன்வாஸில்தான் முடிவாக வேண்டும்.

சூரியன் சற்று மேலேறி, ஒளி மதிலை உரசினாற்போல் விழும் வேளையில்தான் கற்களின் இணைப்புகள் தெளிவாகத் தெரியும். அப்போது படம் எடுங்கள். கைபேசியின் அகலக்கோண லென்ஸில் கொத்தளம் பக்கவாட்டில் இழுபட்டுவிடும் என்பதால், பின்னால் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது. வெயில் பகுதிக்கு ஒன்றும் நிழல் பகுதிக்கு ஒன்றுமாக இரண்டு படங்கள் வேண்டும். எந்தக் கல்லில் என்ன நிறத்தைக் கண்ணால் கண்டீர்கள் என்பதை அங்கேயே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். வண்ணத்துக்கு அந்தக் குறிப்பே பின்னர் ஆதாரமாகும்.

படத்தை கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் திறந்து நிறத்தை முழுவதும் நீக்கிவிட்டு, போஸ்டரைஸ் ஃபில்டரால் ஐந்து தொனிகளாகக் குறையுங்கள். அது இலவசம்; வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை. மதில், வானம், நீர் ஆகிய மூன்றும் இந்த ஐந்து தொனிகளுக்குள் தெளிவாகப் பிரியாவிட்டால், சட்டகத்தை வெட்டியும் நகர்த்தியும் பாருங்கள். பிரிந்தபின் படம் முழுவதையும் ஒரு படி வெளுப்பாக்கிச் சேமியுங்கள். பின்னால் ஏறும் ஒவ்வொரு வண்ணப் படலமும் அடிப்படத்தை இருளாக்கும் என்பதால் இந்த ஒரு படியை முன்கூட்டியே விட்டுவைப்பது அவசியம். அடியிலுள்ள தொனியை இருளாக்கியபடி வண்ணம் சேர்க்கும் மல்டிப்ளை லேயரில் வண்ணம் பூசி ஒத்திகை பார்க்கலாம், ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். திரை தானாக ஒளி தருகிறது. எண்ணெய்ப் படலத்திலோ வெளியிலிருந்து வரும் ஒளி வண்ணத்தை ஊடுருவி, அடியிலுள்ள வெளிர்ப் பூச்சில் பட்டு, மீண்டும் அதே வண்ணத்தின் வழியே கண்ணுக்கு வருகிறது. அந்த ஆழத்தை எந்தத் திரையும் காட்டாது.

ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய கேன்வாஸில், டர்பன்டைன் கலந்த ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை மெல்லிதாகத் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். 20க்கு 30 அங்குலக் கேன்வாஸாக இருந்தால், திரையில் புகைப்படத்தின்மேல் வரைந்த கோட்டுப்படத்தைக் கட்டட வரைபடம் அச்சிடும் கடையில் ஏ1 தாளில் எடுத்துக்கொள்ளலாம். தாளின் பின்புறம் கரித்துண்டைத் தேய்த்து, முன்புறக் கோடுகளின்மேல் பேனாவால் அழுத்தி வரைந்தால் படம் கேன்வாஸில் பதியும். மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் முழு அளவுக் கோட்டுப்படத்தில் ஊசித்துளையிட்டு, கரித்தூளைத் தட்டிச் செய்த வேலைதான் இது. பதிந்த கோடுகளை மாற்றக் கூடாதென்று எண்ணாதீர்கள். ஃபிளெமிய ஓவியர் யான் வான் ஐக் 1434இல் தீட்டிய ஆர்னோல்ஃபினி தம்பதியரின் ஓவியத்தை அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தபோது, பாதங்களின் இடத்தை அவர் தீட்டும்போதே மாற்றியிருந்தது தெரியவந்தது.

டைட்டானியம் ஒயிட், ரா அம்பர், ஐவரி பிளாக் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அடிப்படத்தைத் தீட்டுங்கள். அகழி நீரில் கவனம் அதிகம் தேவை: பிரதிபலிப்பில் வெயில் படும் கல் நிஜத்தைவிடச் சற்று மங்கலாகவும், நிழல் கல் சற்று வெளுப்பாகவும் தெரியும், இரண்டையும் மேலே உள்ளது போலவே தீட்டினால் நீர் கண்ணாடியாக இறுகிவிடும். அவ்வப்போது ஓவியத்தைக் கைபேசியில் படமெடுத்து, நிறம் நீக்கி, திரையிலுள்ள ஐந்து தொனிப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடவலமாகத் திருப்பியும் பாருங்கள். ஓவியத்தைத் தட்டையான கண்ணாடியில் பார்த்துக் குறைகளைக் கண்டறியும்படி லியோனார்டோ டா வின்சி சொன்னது இதற்காகத்தான்.

வேலூரின் கோடையில் டர்பன்டைன் விரைவில் ஆவியாகிவிடுவதால் பூச்சு காய்ந்துவிட்டதாகத் தோன்றும். எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று மெதுவாகவே இறுகுகிறது. தடிப்பான ஓர் ஓரத்தில் நகத்தை அழுத்தினால் தடம் விழாத நிலை வந்தபின்தான் வண்ணப் படலத்தைத் தொடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் பொறுக்க நேரிடலாம். முதல் படலங்களில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்கட்டும். மாறினால் பின்னாளில் வெடிப்பு விழும்.

வெயில் படும் கல்லில் ஆளிவிதை எண்ணெய் கலந்த பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை மிக மெல்லிதாகப் பூசி, கல்லின் முகட்டில் மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள். இணைப்புகளில் தங்கும் வண்ணமே கல்லுக்குக் கனம் கொடுக்கும். நிழலுக்கு அல்ட்ராமரைன். பாசிக்கு அதே நீலத்துடன் ஒளி ஊடுருவும் மஞ்சள் ஒன்றைச் சேர்த்தால் போதும். இந்தக் கட்டத்தில் டேப்லெட்டை மூடிவிட்டு, அகழிக்கரையில் எழுதிய குறிப்பை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்கவே கூடாது. அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும், தகரக் கூரை அறையில் இன்னும் ஆபத்து. நீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். முடிந்த ஓவியத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்து வார்னிஷ் பூசலாம். அதுவரை பீரோவில் பூட்டி வைக்காமல், நேர்வெயில் படாத வெளிச்சமான சுவரில் மாட்டுங்கள். இருட்டில் கிடந்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும்.